கோசு வகைக் காய்கறிகளுக்குத் திடமான நாற்று வளர்த்தல்

(சேந்தமங்கலம் பகுதிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பாடம்)

சங்கத்தில் பயிர்க் கடன் பெறும் அங்கத்தினர்களில் அநேகர், அக்கடன் திரும்பி வருமா வராதா என்பது வயலிலே நிச்சயமாகிறதென்று எண்ணுகின்றனர். நெல்லுக்கும் சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் அவ்வெண்ணம் ஓரளவு பொருந்தும். ஆனால் முட்டைக்கோசு, பூக்கோசு, நூற்கோல் ஆகிய கோசு வகைக் காய்கறிகளைப் பொறுத்தமட்டில், செடி வயலுக்கு வருவதற்கு முன்னரே, இரண்டு சென்ட் நாற்றங்காலில், ஒரு மாத காலத்திற்குள் இலாப நஷ்டம் பெரும்பாலும் தீர்மானமாகி விடுகிறது. அதன் காரணத்தையும், திடமான நாற்றை வளர்க்கும் முறையையும், அதில் சங்கம் செய்யத்தக்க உதவியையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பயிரின் இயல்பும் நமது பருவமும்

கோசு வகைகள் குளிர்ந்த சீமைக்குரிய பயிர்கள். கோசு என்னும் பெயரே போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்ததென்பர். தென்னாட்டில் இவை பரவியதற்கு நீலகிரி முக்கிய காரணமாயிற்று. 1819-இல் அம்மலைக்குச் சென்ற கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். வடநாட்டில் 1822-இல் சகாரன்பூர்த் தோட்டத்திற்குப் பூக்கோசு விதை கொண்டுவரப்பட்டதாகத் தோட்டக்கலை நூல்கள் கூறும். அவ்விதையிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம் வெப்பத்தைத் தாங்கியவற்றையே பொறுக்கி எடுத்ததனால், சமவெளிக்கேற்ற பூக்கோசு இனங்கள் உண்டாயின.

முட்டைக்கோசு இறுகிய தலை கட்டுவதற்கு 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேட் வரையிலான குளிர்ச்சி மிகவும் ஏற்றது. வெப்பம் மிகுந்தால் இலைகள் தளர்ந்து விரியும். தலை சிறுக்கும் அல்லது கட்டாமலே போகும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயர்ந்த கொல்லிமலையின் மேற்பரப்பு, அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தை விட ஆறேழு டிகிரி குளிர்ந்திருக்கும். அக்குளிர்ச்சி நமக்கு இல்லை. நமக்குக் கிடைப்பது கார்த்திகை, மார்கழி, தை என்னும் மூன்று மாதங்களே. அக்காலத்தில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. மாசி பிற்பகுதியில் வெயில் ஏறத் தொடங்கிப் பங்குனியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே தலை கட்டும் நாட்கள் இம்மூன்று மாதங்களுக்குள்ளேயே அடங்க வேண்டும்.

இனி கணக்கிட்டுப் பாருங்கள். குறுகிய கால முட்டைக்கோசு இனங்கள் நட்ட 65 முதல் 75 நாட்களில் அறுவடைக்கு வரும். நாற்றங்காலில் 25 முதல் 30 நாட்கள். ஆவணிக் கடைசி வாரத்தில் விதைத்தால் ஐப்பசித் தொடக்கத்தில் நடலாம், மார்கழியில் வெட்டலாம். நாற்று அழுகிப்போய் ஐப்பசி முடிவில் மறுபடி விதைக்க நேர்ந்தால், மார்கழி முதல் தேதியை ஒட்டித்தான் நடவாகும். மாசி வெயிலில்தான் தலை முற்றும். நெல் நாற்றுத் தவறினால் அயல் கிராமத்தில் நாற்று வாங்கி நடுவதுண்டு. கோசுக்கு அவ்விதம் இரண்டாம் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. பருவம் தவறிய கோசுக்கும் உரம், நீர், கூலி எல்லாம் ஒன்றே. விலை மட்டுமே வேறு. கடனின் கெடுவோ யாருக்காகவும் காத்திராது.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் குளிர்கால முடிவில் கண்ணாடி மூடிய பெட்டிகளில் விதைத்து, உறைபனி நீங்கி வசந்தம் பிறந்ததும் வயலில் நடுவர். நீலகிரியிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தொடங்கும் பருவம் ஒன்று உண்டு. அங்கெல்லாம் நாற்றைக் குளிரினின்று காக்க வேண்டும். நம்முடைய நாற்றங்கால் காலமாகிய ஆவணி, புரட்டாசியில் இரண்டு பகைகள்: நண்பகல் வெயில், திடீர்ப் பெருமழை. நமது பகுதியில் ஆண்டின் மிகுந்த மழை செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் பெய்கிறது. பகை வேறாயினும் வேண்டப்படும் நாற்று ஒன்றே: குட்டையாய், தடித்த தண்டுடன், வேர் செறிந்து, வயலின் கடுமையைப் பொறுக்கும் நாற்று.

2. விதை

கோசுச் செடி பூத்து விதை கொடுப்பதற்கு நீண்ட குளிர் அவசியம். ஆதலின் முட்டைக்கோசு விதையைக் குடியானவர் தம் வயலிலே எடுத்து வைத்துக்கொள்ள இயலாது. குலு பள்ளத்தாக்கு போன்ற இமயமலைப் பகுதிகளிலிருந்தோ, வெளி நாடுகளிலிருந்தோ வரும் விதையையே நாம் நம்பியிருக்கிறோம். விலைக்கு வாங்கும் பொருளைச் சோதித்து வாங்குவதே முறை.

சமவெளிக்குக் குறுகிய கால இனமே தகும். கோல்டன் ஏக்கர், பிரைட் ஆப் இந்தியா என்னும் பழைய இனங்கள் சுமார் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள உருண்டைத் தலை கட்டுபவை. வீரிய ஒட்டு இனங்களில் வெப்பம் தாங்குபவை எனக் குறிப்பிடப்பட்டவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். பூக்கோசில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஸ்னோபால் என்னும் குளிர்கால வகை நம் சமவெளிக்கு ஏற்றதன்று. முன்பருவ இந்திய வகைகளே ஏற்றவை.

விதை உறையின்மேல் உள்ள சீட்டைப் படிக்காமல் பணம் கொடுத்தலாகாது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்படி சான்று பெற்ற விதைக்கு நீல நிறச் சீட்டு உண்டு. முட்டைக்கோசு, நூற்கோல் சான்று விதையின் முளைப்பு நூற்றுக்கு 70-க்கும், பூக்கோசினது 65-க்கும் குறையலாகாது. சோதனை செய்த தேதி, காலாவதித் தேதி, குவியல் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ரசீதும் சீட்டும் அறுவடை முடியும் வரையில் பத்திரப்படுத்த வேண்டும். இனம் மாறிப் போயிற்று என்று பின்னால் முறையிட நேர்ந்தால், அவ்விரண்டுமே சாட்சி.

விதைப்பதற்கு மூன்று வாரம் முன்னரே முளைப்புச் சோதனை செய்தல் நன்று. நனைத்துப் பிழிந்த துணியில் 100 விதைகளைப் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைக்கவும். ஐந்து நாட்கள் கழித்து எண்ணினால் விதையின் தரம் தெரிந்துவிடும். எழுபதுக்குக் குறைந்தால் விதையைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கிறது. பாத்தியில் போட்ட பின் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

கருப்பழுகல் என்னும் நோய் விதை மூலமாகவே வருவதுண்டு. இலையின் ஓரத்தில் மஞ்சளாக ஆப்பு வடிவில் தொடங்கி, நரம்புகளைக் கருக்கும் நோய் அது. இதனைத் தடுக்க விதையைத் துணியில் தளர்வாகக் கட்டி, 50 டிகிரி சென்டிகிரேட் வெந்நீரில் முட்டைக்கோசு விதையை 25 நிமிடமும், பூக்கோசு, நூற்கோல் விதைகளை 20 நிமிடமும் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெப்பமானி இன்றிக் கைச் சூட்டை நம்பி இதைச் செய்தால் விதை வெந்து போகும். மருந்து பூசி நிறமேற்றிய விதைக்கு இம்முறை கூடாது.

3. எவ்வளவு விதை? எவ்வளவு இடம்?

ஒன்றரை அடிப் பார்களில் ஓரடிக்கு ஒரு செடியாக நட்டால், ஏக்கருக்குச் சுமார் 29,000 நாற்று வேண்டும். ஒரு கிராம் முட்டைக்கோசு விதையில் ஏறக்குறைய 300 விதைகள் உள்ளன. பொதுவாகச் சிபாரிசு செய்யப்படுவது எக்டேருக்கு 650 கிராம். அதாவது ஏக்கருக்கு 260 கிராம். அதில் 78,000 விதைகள் அடங்கும். 29,000 செடிகளுக்கு 78,000 விதைகள் எதற்கு? முளையாதவை, அழுகுபவை, எறும்பு கொண்டுபோவன, ஒடிந்து கழிப்பவை ஆகிய எல்லாவற்றிற்குமாகச் சேர்த்தே அவ்வளவு. நாற்றங்காலைச் செவ்வனே நடத்துபவருக்கு 150 கிராம் போதும். அதில் 45,000 விதைகள். நூற்றுக்கு 70 முளைத்தாலும் 31,500 நாற்றுகள். நடவுக்கு 29,000 போக, பட்டுப்போன இடத்தில் மறுநடவு செய்ய 2,500 எஞ்சும். மீதமாகும் 110 கிராம் விதையின் விலையே நல்ல நாற்றங்காலின் முதல் இலாபம்.

இடத்தில் சிக்கனம் செய்தல் தவறு. ஏக்கருக்கு ஒரு சென்ட் நாற்றங்கால் என்பது வழக்கம். நெருக்கமாக விதைத்த நாற்று ஒளிக்குப் போட்டியிட்டு மெலிந்து நீளும். ஆதலின் இரண்டு சென்ட் ஒதுக்குக. அதில் 3 அடி அகலம், 20 அடி நீளமுள்ள பத்து மேட்டுப்பாத்திகளும் அவற்றிடையே நடைவழியும் அமையும். பாத்திக்கு 15 கிராம் விதை. நான்கு அங்குலத்துக்கு ஒரு வரிசையாகப் பாத்தியின் குறுக்கே 60 வரிசைகள் கிழித்தால், மூன்றடி வரிசை ஒன்றுக்கு 75 விதைகள் வரும். அதாவது அரை அங்குலத்துக்கு ஒரு விதை. இவ்வளவை மனத்தில் இருத்தினால் வேறு அளவு வேண்டுவதில்லை.

4. பாத்தி தயாரித்தல்

சென்ற மூன்று ஆண்டுகளில் கோசு, முள்ளங்கி, கடுகு பயிரிடாத இடமாயிருத்தல் வேண்டும். இவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றன் நோய் மற்றொன்றுக்கும் வரும். கிணற்றுக்கு அருகில், மர நிழல் படாத, மழைநீர் தேங்காத மேட்டு நிலம் சிறந்தது. உப்புக் கிணற்று நீர் நாற்றுக்கு உதவாது.

சித்திரை, வைகாசியில் நிலம் வெறுமையாய்க் கிடக்கும்போதே வேலையைத் தொடங்கலாம். மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலிதீன் தாளை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி நான்கு வாரம் விடுக. கோடை வெயிலே மண்ணைச் சுட்டு, நாற்றழுகல் பூசணத்தையும் களை விதைகளையும் பெரும்பகுதி அழித்துவிடும். முன்னாளில் பாத்தியின்மேல் சருகும் குப்பையும் பரப்பி எரித்தனர், நோக்கம் ஒன்றே. இம்முறையில் தழை எரிந்து வீணாவதில்லை.

பாத்தியின் உயரம் அரை அடிக்குக் குறையக் கூடாது. பெருமழையில் நாற்றைக் காப்பது இவ்வுயரமே. உரத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 100 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குத் தொழுவுரம் 300 கிலோ, 9:9:9 கலப்பு உரம் 10 கிலோ, சோடியம் மாலிப்டேட் 50 கிராம், வெண்காரம் 100 கிராம் என்று சிபாரிசு செய்துள்ளது. நமது பத்துப் பாத்திகளுக்கு அது தொழுவுரம் 170 கிலோ, கலப்பு உரம் 5½ கிலோ, மாலிப்டேட் 28 கிராம், வெண்காரம் 56 கிராம் ஆகும். பின்னிரண்டையும் ஒரு கூடை மணலுடன் கலந்து சமமாகத் தூவுக. மாலிப்டினம் குறைந்தால் பூக்கோசின் இலை அகலமின்றிச் சாட்டைபோல் ஒடுங்கும். போரான் குறைந்தால் தண்டு உள்ளே பொள்ளலாகும். அளவு மிகினும் வெண்காரம் நஞ்சாம். ஆதலால் தராசில் நிறுத்தே இடவேண்டும்.

நமது மாவட்டத்தில் கோழிப் பண்ணைகள் நிறைந்திருப்பதால் கோழி எரு எளிதில் கிடைக்கிறது. வயலுக்கு அது நல்ல உரம். ஆயினும் பச்சைக் கோழி எருவை நாற்றங்காலில் இடுவது பெரும் தீங்கு. அதிலிருந்து எழும் அம்மோனியா ஆவி இளவேரைக் கருக்கும். தப்பிய நாற்றும் தழைச்சத்து மிகுந்து நீண்டு தளர்ந்து நிற்கும். சில மாதம் மக்கி, சூடும் நாற்றமும் அடங்கிய எருவாயின் தொழுவுரத்துடன் சிறு பங்கு சேர்க்கலாம்.

விதைப்பதற்கு முன் காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்தை லிட்டருக்கு 2½ கிராம் வீதம் கரைத்துப் பூவாளியால் பாத்தி நனைய ஊற்றுக. மருந்து இன்றியே காக்க விரும்புவோர், ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்னும் விகிதத்தில் டிரைக்கோடெர்மா விரிடி பொடியை விதையுடன் கலந்து விதைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யற்க. தாமிர மருந்து அந்நன்மை செய்யும் பூசணத்தையும் கெடுக்கக் கூடும்.

5. விதைத்தலும் முதற் பத்து நாட்களும்

கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை ஆழமுள்ள கோடு கிழித்து விதையிட்டு, சலித்த மக்கிய எருவால் மூடி, மேலே வைக்கோலை மெல்லியதாகப் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்கவும். வாய்க்கால் நீரைப் பாத்திமேல் பாயவிட்டால் விதை ஒருபுறம் ஒதுங்கும்.

மூன்றாம் நாள் மாலையிலிருந்து வைக்கோலைத் தூக்கிப் பார்த்து வரவேண்டும். ஆங்காங்கே முளை தென்பட்டவுடன், எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திராமல், அன்று மாலையே வைக்கோலை முழுதும் நீக்கிவிட வேண்டும். இது சிறிய காரியமாகத் தோன்றினும், திடமான நாற்றுக்கும் நெட்டை நாற்றுக்கும் உள்ள பேதம் இங்கேதான் தொடங்குகிறது. இருட்டில் ஒளியைத் தேடி முளை நூல்போல் நீளும். ஒரு நாள் இருட்டில் நீண்ட தண்டைப் பிறகு எவ்வளவு ஒளி கொடுத்தாலும் குட்டையாக்க முடியாது.

நிழலும் அவ்வாறே. வெயிலுக்கு அஞ்சி நாள் முழுவதும் கீற்றுப் பந்தலின் கீழ் வைத்த நாற்று வெளுத்து நீண்டு, வயலில் நட்ட அன்றே சாயும். பாதி ஒளியைக் கடத்தும் நிழல்வலையையோ தென்னங்கீற்றுத் தட்டியையோ காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை மட்டும் போட்டு, மற்ற வேளையில் நீக்குக. பத்தாம் நாளுக்குப் பின் நிழல் நேரத்தைப் படிப்படியாய்க் குறைத்து, இருபதாம் நாளில் முற்றும் எடுத்துவிடுக. பெருமழைக்கு மூங்கில் வளையத்தின்மேல் பாலிதீன் தாள் போர்த்தலாம். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மழை விட்டவுடன் தாளைச் சுருட்டிவிட வேண்டும்.

காலையில் நீர் தெளிப்பதே விதி. மாலையில் மண்ணின் மேற்புறம் உலர்ந்திருத்தல் வேண்டும். இரவு முழுதும் ஈரமாய் நிற்கும் பாத்தியில்தான் நாற்றழுகல் பரவும். தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நீர் கோத்து மெலிந்து, நாற்று வட்ட வட்டமாகச் சாய்வதே அந்நோயின் அடையாளம். கண்டவுடன் சாய்ந்த நாற்றை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, நீரைக் குறைத்து, சுற்றிலும் முன் கூறிய தாமிர மருந்தை ஊற்றுக. மண்ணிலுள்ள பித்தியம் முதலிய பூசணங்களே இந்நோய்க்குக் காரணம். அவற்றுக்கு அளவு மீறிய ஈரமும் நெருக்கமும் துணை. இரண்டையும் நீக்கினால் மருந்துச் செலவு மிகக் குறையும்.

பத்தாம் நாளில் நெருக்கமான இடங்களில் நலிந்தவற்றைக் களைந்து அரை அங்குல இடைவெளியைச் சரிசெய்க. கையால் பறிப்பதை விடக் கத்தரியால் நறுக்கினால் அடுத்த நாற்றின் வேர் அசையாது.

6. பூச்சி

கோசின் கொடிய பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. சிறகை மடக்கி அமரும்போது முதுகில் வைர வடிவக் குறிகள் தோன்றும். அதன் பச்சைப் புழு இலையின் அடிப்புறத்தைச் சுரண்டி, மேல்தோலைக் கண்ணாடி போல் விட்டுவைக்கும். தொட்டால் நூல் விட்டுத் தொங்கும். நாற்றுப் பருவத்தில் இப்புழு நடுக் குருத்தைத் தின்றுவிட்டால், செடி வளர்ந்தும் தலை கட்டாது. அத்தகைய குருட்டு நாற்றை வயலில் நடுவது நீருக்கும் உரத்துக்கும் நஷ்டமே.

மருந்தை மட்டும் நம்பி இதனை வெல்ல முடியாது. 1950-களின் தொடக்கத்திலேயே ஜாவாத் தீவில் டி.டி.டி. மருந்துக்கு அடங்காத பூச்சியாக இது கண்டறியப்பட்டது. பின் வந்த பல மருந்துகளையும் அது பழகிக்கொண்டது. நாற்றங்காலை நுண்ணிய நைலான் வலையால் மூடி அந்துப்பூச்சியை உள்ளே விடாதிருப்பதே சிறந்த வழி. புழு தென்பட்டால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். நடவு வயலில் 25 வரிசைக் கோசுக்கு இரண்டு வரிசைக் கடுகு வைத்தால் பூச்சி கடுகை நாடும். முதல் கடுகு வரிசையைக் கோசு நடுவதற்கு 15 நாள் முன்னும், மற்றதை நட்ட 25 நாளுக்குப் பின்னும் விதைத்தல் வேண்டும். கடுகின்மேல் கூடிய புழுவை அவ்வப்போது அழிக்கவும் வேண்டும்.

7. குழித்தட்டு நாற்று

விலையுயர்ந்த ஒட்டு விதைக்குக் குழித்தட்டு முறை ஏற்றது. 98 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் மக்கிய தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை இடுவர். ஏக்கருக்குச் சுமார் 320 தட்டுகள், 400 கிலோ நார்க்கழிவு, 105 கிராம் விதை வேண்டும். வேர் அறுபடாமல் மண்கட்டியோடு நடுவதால் நாற்று வாடாது; ஒவ்வொரு செடியும் ஒரே அளவாய் வளரும். நார்க்கழிவை உப்புப் போக அலசி, மக்கவைத்த பின்னரே உபயோகிக்க வேண்டும். தட்டிலுள்ள சிறு குழி விரைவில் உலருமாகையால், ஒரு நண்பகல் நீர் மறந்தாலும் சேதம் நேரும். தினமும் கவனிக்க ஆள் இல்லாதவருக்கு மேட்டுப்பாத்தியே மேலானது.

8. திடமான நாற்றின் அடையாளங்களும் நடவும்

நடவுக்குத் தக்க நாற்று 25 முதல் 30 நாள் வயதினது. வித்திலைகள் நீங்கலாக நான்கு அல்லது ஐந்து இலைகள் உள்ளது. உயரம் அரை அடிக்குள் அடங்குவது. தண்டு குட்டையாய்த் தடித்து, இலை கரும்பச்சையாய், மேலே சாம்பல் பூத்தது போன்ற மெழுகுப் பூச்சுடன் இருக்கும். குருத்து ஒன்று பழுதின்றி இருக்க வேண்டும். நுனியைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் தொங்காமல் நிற்பது திடமான நாற்று.

வயது கடந்த நாற்றை, பணம் போட்டாயிற்றே என்று நடலாகாது. முக்கியமாகப் பூக்கோசில், நாற்றங்காலிலேயே முதிர்ந்து பசித்த நாற்று வயலில் இலை விடாமல் பொத்தான் அளவு பூவை முன்கூட்டியே விட்டு நின்றுவிடும்.

நடவுக்கு ஐந்து நாள் முன்னிருந்து நீரைக் குறைத்து, முழு வெயிலில் நாற்றைப் பழக்குக. இலை மாலையில் நிமிர்ந்திருக்கும் அளவுக்கு ஈரம் போதும். வாடிக் கருகும்படி காயவிடுதல் பழக்கமன்று, தண்டனை. பிடுங்குவதற்குச் சில மணி நேரம் முன் பாத்தியை நன்கு நனைத்து, களைக்கொட்டால் கீழிருந்து நெம்பி மண்ணோடு எடுக்கவும். தண்டைப் பிடித்து இழுத்தால் உயிர்வேர் அறும். நான்கு மணிக்கு மேல் நடுக. முதல் இலையின் அடிவரை மண்ணில் இறங்கலாம். குருத்தில் மண் விழலாகாது. உடனே நீரும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும் விடுக. ஒரு வாரத்துக்குள், பட்டுப்போன இடங்களில் எஞ்சிய நாற்றை வைத்து நிரப்புக.

9. சங்கம் என்ன செய்யலாம்?

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் கடன் கொடுப்பதற்காகவே முதலில் ஏற்பட்டன. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குதல், விற்றல் முதலிய பிற காரியங்களுக்கும் வழி திறந்தது. 1935-இல் ஏற்பட்ட நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் மலைக் காய்கறிகளைப் பொது ஏலத்தில் விற்றுக் கொடுத்து வந்தது. விற்பனையில் ஒன்றுகூடியவர்கள் உண்டென்றால், நாற்றில் ஒன்றுகூடுவது அதனினும் எளிது.

கால் ஏக்கர் வீதம் கோசு பயிரிடும் பத்து அங்கத்தினரை எடுத்துக்கொள்வோம். தனித்தனியே பத்து நாற்றங்கால் போட்டால் பத்துப் பேரும் தினம் இருவேளை கவனிக்க வேண்டும். பத்து வலை, பத்துத் தாள் வாங்க வேண்டும். அவர்களுக்குச் சேர்த்துத் தேவைப்படுவது இரண்டரை ஏக்கர் நாற்று. அதாவது 375 கிராம் விதை, ஐந்து சென்ட் நிலம், 25 பாத்தி. நல்ல நீருள்ள ஒருவர் கிணற்றடியில் இதனைப் பொதுவாகப் போட்டு, ஒருவரைக் கூலிக்கு அமர்த்தலாம். வெப்பமானி ஒன்று, தராசு ஒன்று, தெளிப்பான் ஒன்று, வலை, தாள் ஆகியவை பொதுவில் போதும். விதையை மொத்தமாக வாங்குவதால் விலையும் குறையும். முளைப்புச் சோதனையும் ஒரே தடவையில் முடியும்.

மேலும் ஓர் அநுகூலம் உண்டு. 25 பாத்திகளையும் ஒரே நாளில் விதையாமல், ஆவணி 20-இல் எட்டும், புரட்டாசி முதல் தேதியில் எட்டும், புரட்டாசி 10-இல் ஒன்பதுமாகப் பிரித்து விதைக்கலாம். ஒரு மழையில் ஒரு பகுதி போனாலும் மற்றவை நிற்கும். அறுவடையும் மார்கழி முதல் தைப்பொங்கல் வரை பகிர்ந்து வரும். பத்துப் பேர் கோசும் ஒரே வாரத்தில் நாமக்கல் சந்தைக்குச் சென்றால் விலையைக் கெடுப்பவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

பொது நாற்றங்காலுக்கு ஒரு குறிப்பேடு அவசியம். விதைச் சீட்டின் எண், விதைத்த தேதி, நூற்றுக்கு முளைத்தது, மருந்திட்ட நாள், அங்கத்தினர் பெற்ற நாற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவர வேண்டும். மொத்தச் செலவை நல்ல நாற்றின் எண்ணிக்கையால் வகுத்து, அவரவர் பெற்றதற்கேற்ப வசூலித்தால் மனத்தாங்கலுக்கு இடமில்லை. கூலியும் குறித்த நாளில் கொடுக்கப்பட வேண்டும். நாற்றங்கால் காப்பவரின் விழிப்பே இங்கு முதல் மூலதனம். நடவுக்கு வேண்டிய கடன் தொகையும், நாற்று முதிர்வதற்கு முன்னரே அங்கத்தினர் கைக்கு வரும்படி மனுக்களை ஆடி மாதத்திலேயே பூர்த்தி செய்து கொடுத்தல் நலம். முப்பது நாள் நாற்று, பணத்துக்காக நாற்பத்தைந்து நாள் காத்திருந்தால், இதுவரை கூறிய உழைப்பு யாவும் வீணாம்.

சங்கக் கூட்டத்தில் கேட்டு விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நமது சமவெளியில் கோசு எம்மாதங்களுக்குள் தலை கட்ட வேண்டும்? அதற்கு எப்போது விதைக்க வேண்டும்?

2. ஏக்கருக்கு 260 கிராம் விதைக்குப் பதில் 150 கிராம் எவ்வாறு போதுமாகும்? கணக்கிட்டுக் காட்டுக.

3. முளை கண்டவுடன் வைக்கோலை ஏன் நீக்க வேண்டும்?

4. பச்சைக் கோழி எருவினால் நாற்றுக்கு வரும் தீங்கு யாது?

5. நமது சங்கத்தில் இப்பருவத்தில் கோசு பயிரிட விரும்புவோர் எத்தனை பேர்? பொது நாற்றங்காலுக்கு எவர் கிணற்றடி ஏற்றது? அதனைக் காக்க யாரை அமர்த்துவது?

ஐந்தாம் வினாவிற்கு விடையைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலே எழுதிவிடுதல் நன்று.